ஏழு நகரங்களும் ஆச்சியின் ஒரு கேள்வியும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)



"நீ அமெரிக்கா போகிறாயாமே!" என்று இவ்வாண்டு என்னைக் கேளாதவர் நம் பள்ளியில் இல்லை எனலாம். அப்படிக் கேட்டவர் யாவரும் அடுத்துக் கேட்டது, "எந்தெந்த ஊர்களைப் பார்க்கப் போகிறாய்?" என்பதே. எளிய கேள்விதான். ஆனால் அதற்கு விடை காண எனக்கு மூன்று மாதங்கள் பிடித்தன. கணக்கு நோட்டில்கூட நான் இத்தனை முறை அழித்து எழுதியதில்லை. அந்த அழித்தெழுதிய கதையையே இங்குச் சொல்ல விழைகிறேன்.

என் அம்மாவின் தங்கை பிலடெல்பியா நகரில் ஒரு மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகிறார். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் சித்தி என்றால் மாலை ஐந்து மணிக்குத் தொலைபேசியில் வரும் குரல்தான். அந்த நேரத்தில் ஆச்சி திண்ணையை விட்டு எழவே மாட்டார். 2018-ஆம் ஆண்டில் சித்தி ஒருமுறை வந்து இரண்டு வாரம் தங்கினார். 2020-இல் தாத்தா இறைவனடி சேர்ந்தபோது கொள்ளைநோயால் வெளிநாட்டு விமானங்கள் நின்றிருந்தன. தம் தந்தையின் அடக்கத்தைச் சித்தி கைப்பேசித் திரையில்தான் கண்டார். அன்று கல்லறைத் தோட்டத்தில் ஆச்சி அந்தக் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி நின்ற காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

"அடுத்த வருஷம் வருகிறேன்" என்று ஆண்டுதோறும் சொல்லி வந்த சித்தி, சென்ற ஆகஸ்டு மாதம் மாற்றிச் சொன்னார். "நீங்க வாங்க. ஆச்சிக்கும் உனக்கும் நான் டிக்கெட் எடுக்கிறேன். உன் பொதுத் தேர்வு முடியட்டும். மே மாதம் 15 நாள். எனக்குப் பத்து நாள் லீவு கிடைக்கும். எந்தெந்த ஊர் பார்க்கணுமோ, நீயே பட்டியல் போடு."

தோழியரே, அன்றிரவு எனக்கு உறக்கம் வந்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? அட்லஸை விரித்தேன். ஒரு மணி நேரத்தில் பட்டியல் தயார். ஏழு நகரங்கள்!

முதலாவது நியூயார்க். 1886 முதல் துறைமுகத்தில் தீபம் ஏந்தி நிற்கும் சுதந்திர தேவி சிலையையும், 1931-இல் எழுந்த 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடத்தையும் காணாமல் திரும்பலாமா? இரண்டாவது தலைநகர் வாஷிங்டன். மூன்றாவது பாஸ்டன். 1773-இல் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய ஊர் என்று வரலாற்றில் படித்தோம் அல்லவா? அந்த ஊரிலிருந்துதான் ஒரு காலத்தில் சென்னைக்குக் கப்பலில் பனிக்கட்டி வந்தது. அதைச் சேமிக்க 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லமாக இன்றும் நிற்கிறது.

நான்காவது சிகாகோ. 1871-இல் பெருந்தீக்கு இரையாகி, மீண்டும் எழுந்து, 1885-இல் உலகின் முதல் வானளாவி எனப்படும் கட்டடத்தைக் கட்டிய ஊர். 1893-இல் விவேகானந்தர் பேசியதும் அங்கேதான். நோபல் பரிசு பெற்ற நம் சந்திரசேகர் நெடுங்காலம் பேராசிரியராக விளங்கியதும் அந்நகரப் பல்கலைக்கழகத்தில்தான். ஐந்தாவது சான் பிரான்சிஸ்கோ, ஆறாவது லாஸ் ஏஞ்சல்ஸ், ஏழாவது லாஸ் வேகாஸ்.

ஏழிலும் என் மனத்தைக் கொள்ளை கொண்டது சான் பிரான்சிஸ்கோவே. அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் பெயர் தாங்கிய ஊர். அங்கே 1937-இல் திறக்கப்பட்ட கோல்டன் கேட் பாலம், இரு கோபுரங்களுக்கிடையே மட்டும் 1,280 மீட்டர் நீளம் கொண்டது. மூடுபனிக்கு மேலே அதன் செந்நிறக் கோபுரங்கள் மட்டும் தெரியும் படம் ஒன்றை ஆறாம் வகுப்பிலிருந்தே என் மேசைமேல் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆகவே அந்தப் பெயரின்கீழ்ச் சிவப்பு மையால் இரண்டு கோடுகள் இட்டேன்.

பட்டியலுக்கு முதல் அடி அம்மாவிடமிருந்து கிடைத்தது. லாஸ் வேகாஸ் என்றால் என்ன ஊர் என்று கேட்டார். பாலைவனத்தின் நடுவே விளக்குகளால் ஜொலிக்கும் ஊர் என்றேன். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "சூதாட்டத்துக்குப் பேர்போன ஊர்" என்றார். அம்மா பேசவில்லை. காய் நறுக்கிக்கொண்டிருந்த கையாலேயே பென்சிலை வாங்கி அடித்துவிட்டார். மீதி ஆறு.

இரண்டாவது அடி எங்கள் புவியியல் சிஸ்டரிடமிருந்து. பட்டியலைக் கண்டு மெச்சுவார் என்றெண்ணிக் காட்டினேன். சிஸ்டர் ஒரு நூலை எடுத்து, சுவரில் தொங்கிய படத்தில் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை பிடிக்கச் சொன்னார். அளவுகோலை வைத்துக் கணக்கிட்டேன். 4,000 கிலோ மீட்டருக்கும் மேல்! நம் இந்தியாவின் வடகோடி முதல் தென்கோடி வரையே 3,214 கிலோ மீட்டர்தான். விமானத்திலேயே ஏறத்தாழ ஆறு மணி நேரம். கடிகாரத்தையும் மூன்று மணி நேரம் திருத்த வேண்டும். சிகாகோவுக்கு நியூயார்க்கிலிருந்து ரயிலில் சென்றால் ஏறக்குறைய 20 மணி நேரம்.

"ஆறு ஊர், பத்து நாள், முழங்கால் வலியுள்ள பாட்டி. இதில் எத்தனை நாளை விமான நிலையத்தில் கழிப்பாய்?" என்று சிஸ்டர் கேட்டார். நான் விழித்தேன். "ஊரை எண்ணாதே அம்மா, நாளை எண்ணு" என்றார்.

எண்ணினேன். ஓர் ஊருக்குப் போக ஒரு நாள், களைப்பாற அரை நாள் என்று கழித்தால், ஆறு ஊர்களையும் பார்க்கக் கையில் மிஞ்சியது ஒரே ஒரு நாள்! அகலக்கால் வைத்தால் இப்படித்தான். மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸையும் சிகாகோவையும் அடித்தேன். ஆனால் சான் பிரான்சிஸ்கோவை அடிக்கக் கை வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "பயணமே வேண்டாம்" என்று இரண்டு நாள் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் நாள் மாலை ஆச்சி என்னைத் திண்ணைக்கு அழைத்தார். "ஏட்டி, அந்த லிஸ்டை வாசி" என்றார். வாசித்தேன். கண்களை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்:

"ஒஞ் சித்திகிட்டக் கேட்டியா? அவளுக்கு எந்த ஊரு பாக்கணுமாம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "சித்தி அங்கேயே இருக்கிறவங்க, ஆச்சி! எல்லாம் பார்த்திருப்பாங்க" என்றேன். "கேட்டுப் பாரு" என்றார் ஆச்சி.

மறுநாள் ஐந்து மணிக்கு அழைப்பு வந்ததும் நானே எடுத்துக் கேட்டேன். "சித்தி, நியூயார்க் நல்லா இருக்குமா, சான் பிரான்சிஸ்கோ நல்லா இருக்குமா?" மறுமுனையில் சித்தி சிரித்தார். "நான் எங்கேம்மா பார்த்தேன்? நியூயார்க்கை விமானம் இறங்கினப்போ பார்த்தது. வாஷிங்டனுக்கு ஆஸ்பத்திரிப் பயிற்சிக்காக ஒரு தடவை போனேன். ஹோட்டலையும் கூட்டம் நடந்த அறையையும்தான் பார்த்தேன். லீவு கிடைச்சா தூங்குவேன்."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எங்கள் வீட்டு மாடி எழும்பியதும், என் பள்ளிக் கட்டணமும், ஆச்சியின் கண் அறுவை சிகிச்சையும் யார் உறக்கத்திலிருந்து வந்தவை என்பது அந்த நொடியில்தான் என் மண்டையில் உறைத்தது. ஏழு ஊர்களை எழுதிய நான் பிலடெல்பியாவை எழுதவே இல்லை! சித்தியின் ஊரை ஏதோ நாங்கள் பெட்டி வைக்கும் விடுதி போல அல்லவா எண்ணியிருந்தேன்?

"சித்தி, உங்களுக்கு ஓர் ஊர்னா எந்த ஊர் பார்க்கணும்?" என்று கேட்டேன். நெடுநேரம் பதில் இல்லை. இணைப்பு அறுந்ததோ என்று நினைத்தேன். பிறகு, "எல்லிஸ் தீவு" என்றார்.

எல்லிஸ் தீவு என்பது நியூயார்க் துறைமுகத்தில், சுதந்திர தேவி சிலைக்கு அருகே இருக்கும் சிறு தீவு. 1892 முதல் 1954 வரை, கப்பலில் வந்த ஏழை எளிய மக்களை நிறுத்தி, சோதித்து உள்ளே விட்ட இடம். ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் அவ்வழியே நுழைந்தனர். 1892 ஜனவரி முதல் நாளன்று முதன்முதலாகப் பதிவானவள் ஆனி மூர் என்னும் அயர்லாந்துப் பெண். தம்பியர் இருவரைக் கூட்டிக்கொண்டு, முன்னரே வந்து சேர்ந்த பெற்றோரைத் தேடி வந்தாள். அவளுக்கு வயது 15 என்று அன்றைய செய்தித்தாள்கள் எழுதின. உண்மையில் 17 என்று பின்னர் அறிந்தார்கள். அவளுக்குப் பத்து டாலர் தங்கக்காசு ஒன்றைப் பரிசளித்தார்களாம். இன்று அவ்விடம் அருங்காட்சியகம். "பெட்டியும் கையுமா வந்தவங்க காத்திருந்த கூடத்தை ஒரு தடவை பார்க்கணும்னு ஆசை" என்றார் சித்தி.

சித்தியிடம் கேட்டபின் ஆச்சியிடம் கேளாதிருப்பது முறையா? கேட்டேன். ஆச்சி யோசிக்கவே இல்லை. "வாஷிங்டன்ல நம்ம வேளாங்கண்ணி மாதா இருக்காளாம். சாமியார் பிரசங்கத்துல சொன்னாரு" என்றார். நான் நம்பவில்லை. தேடிப் பார்த்தேன். ஆம் தோழியரே, உண்மைதான்! வாஷிங்டனில் அமலோற்பவ மாதா தேசியத் திருத்தலம் என்னும் பேராலயம் உள்ளது. வட அமெரிக்காவின் மிகப் பெரிய கத்தோலிக்க ஆலயம் அது. அதற்கு 1920-இல் அடிக்கல் நாட்டினார்கள். பல நாட்டு மக்களும் தத்தம் மாதாவுக்கு அதனுள்ளே சிற்றாலயங்கள் அமைத்திருக்கிறார்கள். 1997-இல் நம் ஆரோக்கிய மாதாவுக்கும் ஒன்றை அர்ச்சித்திருக்கிறார்கள். தாத்தாவின் அடக்கத்துக்கு மகள் வர முடியாமற்போன நாளில் ஆச்சி ஒரு பொருத்தனை செய்தாராம். மகளோடு சேர்ந்து மாதாவின் முன் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும் என்பதாம். "அவ இங்க வந்தா இங்க, நான் அங்க போனா அங்க. மாதா ஒண்ணுதானே!" என்றார்.

வாஷிங்டனில் எனக்கும் பங்குண்டு. ஜேம்ஸ் ஸ்மித்சன் என்னும் ஆங்கிலேயர் தம் சொத்து அந்நாட்டைச் சேர வழி செய்து உயில் எழுதினார். அதைக் கொண்டு 1846-இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் தோன்றியது. அவரோ அமெரிக்காவில் காலடி வைத்ததே இல்லை! இன்று அந்நகரிலுள்ள அதன் அருங்காட்சியகங்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது. 1903-இல் ரைட் சகோதரர்கள் ஓட்டிய விமானத்தையும், 1969-இல் நிலவுக்குச் சென்று திரும்பிய அப்பல்லோ 11 கலத்தையும் காசின்றிக் காணலாம். 36 தூண்கள் தாங்கும் லிங்கன் நினைவகமும் அங்கே உள்ளது. அதன் படிகளில் நின்றுதான் 1963 ஆகஸ்டு 28 அன்று மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றினார்.

அட்லஸை மீண்டும் எடுத்தேன். இம்முறை நகரங்களைத் தேடவில்லை, ரயில் பாதையைத் தேடினேன். என்ன வியப்பு! வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் மூன்றும் ஒரே இருப்புப்பாதையில் முத்துக் கோத்தாற்போல் அமைந்திருக்கின்றன. அதே பாதை மேலும் சென்று பாஸ்டனில் முடிகிறது. பிலடெல்பியாவிலிருந்து நியூயார்க்குக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், வாஷிங்டனுக்கு இரண்டு மணி நேரம். ஆச்சி தூத்துக்குடியிலிருந்து மதுரை போவது போல் உட்கார்ந்தே போய்விடலாம். பாஸ்டனுக்கு மட்டும் பிலடெல்பியாவிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அதனால் அதையும் அடித்துவிட்டேன்.

அப்படியானால் என் பாலம்? சிவப்புக் கோடுகள் இரண்டையும் பார்த்துக்கொண்டே சற்று நேரம் அமர்ந்திருந்தேன். பின் நியூயார்க்கில் பாலம் ஏதேனும் உண்டா என்று பள்ளி நூலகத்தில் தேடினேன். அங்கே கிடைத்தாள் ஒரு பெண்மணி!

புரூக்ளின் பாலத்தைத் திட்டமிட்ட பொறியாளர் ஜான் ரோப்ளிங் 1869-இல் விபத்தில் காயமுற்று இறந்தார். பொறுப்பேற்ற மகன் வாஷிங்டன் ரோப்ளிங், ஆற்றடியில் அஸ்திவாரம் இடும் பணியில் நோயுற்று வீட்டோடு முடங்கினார். அவருடைய மனைவி எமிலி கணிதமும் கட்டடவியலும் தாமே கற்று, பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கணவரின் கட்டளைகளைப் பணியிடத்துக்குக் கொண்டு சென்று வேலையை நடத்தினார். 1883-இல் பாலம் முடிந்தபோது முதன்முதலில் அதைக் கடந்தவரும் அவரே. அந்தப் பாலத்தில் நடந்து செல்லக் கட்டணமில்லை. கோல்டன் கேட் பாலத்தைவிட அது சிறியதுதான். ஆனால் என் மேசையில் இப்போது இரண்டாவது படமும் இருக்கிறது.

சகோதரிகளுக்கும் ஒரு செய்தி. எல்லிஸ் தீவுக்குப் படகு புறப்படும் துறையின் எதிரே புனித எலிசபெத் ஆன் சீட்டனின் ஆலயம் இருக்கிறது. 1774-இல் நியூயார்க்கில் பிறந்து, ஐந்து பிள்ளைகளோடு விதவையாகி, பின்னர்ப் பெண்களுக்குப் பள்ளி தொடங்கித் துறவற சபையும் நிறுவியவர் அவர். அமெரிக்க மண்ணில் பிறந்தவர்களுள் முதலில் புனிதராக உயர்த்தப்பெற்றவரும் அவரே. அது 1975-ஆம் ஆண்டில். அங்கே நம் பள்ளிக்காக ஒரு ஜெபம் சொல்வேன் என்று மதரிடம் வாக்களித்திருக்கிறேன்.

ஆச்சிக்கு ஓர் ஊர், சித்திக்கு ஓர் ஊர் ஆயிற்று. "இனி உன் ஊர் எது?" என்று சித்தி கேட்டார். "பிலடெல்பியா" என்றேன். "இங்கே என்ன இருக்கு?" என்று அவர் சிரித்தார். நான் மூன்று நாட்கள் படித்துவிட்டல்லவா சொல்கிறேன்!

1682-இல் வில்லியம் பென் அமைத்த ஊர் அது. சகோதர அன்பு என்பது அப்பெயரின் பொருள். 1776-இல் சுதந்திரப் பிரகடனமும், 1787-இல் அரசியலமைப்பும் ஒரே கட்டடத்தில் அங்கேதான் உருவாயின. வெடிப்பு விழுந்த சுதந்திர மணியும் அருகிலேயே இருக்கிறது. நகர மண்டபத்தின் உச்சியில் பென்னின் சிலை நிற்கிறது. அவருடைய தொப்பியைவிட உயரமாக எந்தக் கட்டடமும் எழக்கூடாது என்று 1987 வரை எழுதாச் சட்டமாகவே காத்து வந்தார்களாம்! பெருஞ்செல்வக் குடும்பத்தில் பிறந்து, தம் பங்குச் செல்வத்தையெல்லாம் கறுப்பின மக்களுக்கும் பழங்குடி மக்களுக்கும் பள்ளிகள் கட்டச் செலவிட்ட புனித கேத்தரின் டிரெக்செலின் கல்லறையும் அந்நகரப் பேராலயத்தில்தான் உள்ளது.

இவற்றையெல்லாம் காண்பேன். ஆனால் என் பட்டியலில் முதலாவதாக எழுதியிருப்பது எந்த நூலிலும் இல்லை. நமக்கு மாலை ஐந்து மணியாகும்போது அங்கே காலை ஏழரை. இரவுப் பணி முடிந்து, மருத்துவமனைக்கு எதிரிலுள்ள பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியேதான் சித்தி ஆச்சியிடம் பேசுகிறாராம். குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தைத் திருத்தும்போது அழைப்பு ஆறு மணிக்கு வரும். பனி கொட்டினாலும் நிறுத்தம் அதேதான். இத்தனை ஆண்டுகள் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதே இல்லை. அந்த நிறுத்தத்தில் ஒரு நாள் காலை ஆச்சியும் நானும் காத்து நிற்கப் போகிறோம். சித்திக்கு இது தெரியாது. இம்மலர் அவர் கைக்குப் போகுமுன் நாங்கள் போய்விடுவோம் என்ற துணிவில்தான் எழுதுகிறேன்!

தோழியரே, நீங்களும் ஒரு நாள் பட்டியல் போடுவீர்கள். அமெரிக்காவுக்கு இல்லாவிட்டாலும் ஆக்ராவுக்கோ ஊட்டிக்கோ போடுவீர்கள். நாளை எண்ணுங்கள், தூரத்தை அளவுங்கள், உடன் வருபவரின் முழங்காலையும் கணக்கில் சேருங்கள். அதற்கெல்லாம் முன்பு, அழைத்தவரிடம் அவர் எந்த ஊரைப் பார்க்க விரும்புகிறார் என்று கேளுங்கள்.

சான் பிரான்சிஸ்கோவை நான் அழிக்கவில்லை. பட்டியலின் அடியில், "சித்தியும் நானும், இன்னொரு முறை" என்று எழுதி வைத்திருக்கிறேன். மாதா துணை நின்றால் அந்தக் கட்டுரையையும் ஒரு நாள் எழுதுவேன்.